செங்கிஸ்கான் நம்ம தாத்தாவா?

"உலகத்துல இருநூறு ஆம்பளைங்களை வரிசையா நிக்க வெச்சா, அதுல ஒருத்தன் செங்கிஸ்கானோட வாரிசு."

2003லேருந்து இந்த ஒரு வரி சுத்திக்கிட்டே இருக்கு. முதல்ல மெயில் ஃபார்வர்டுல வந்தது, அப்புறம் ஃபேஸ்புக், இப்போ வாட்ஸப். கணக்குப் போட்டா சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். ஒத்த ஆளுக்கு எட்டு நூற்றாண்டுல இவ்வளவு பேரன்கள்!

இதைப் படிச்சதும் நம்மாளுங்களுக்கு ரெண்டு விதமா தோணும். ஒண்ணு, "யப்பா, என்னா மனுஷன்யா!"ங்கிற ஆச்சரியம். இன்னொண்ணு, "ஒருவேளை நானும் அதுல ஒருத்தனோ?"ங்கிற நப்பாசை. முதல் ஆச்சரியம் புரியுது. ரெண்டாவதுதான் இடிக்குது. ஊர் ஊரா வெட்டிச் சாய்ச்ச ஒரு ஆளுக்குப் பேரனா இருக்கிறதுல நமக்கு ஏன் இவ்வளவு ஆசை? அந்த ஊர்கள்ல செத்தவங்களோட பேரனா இருப்போமோன்னு ஏன் ஒருத்தருக்கும் தோண மாட்டேங்குது?

எனக்கு ஊர் மேலகரம். தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் நடுவுல இருக்கு. குற்றாலக் குறவஞ்சி பாடின திரிகூட ராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். "மங்கோலியாவுக்கும் மேலகரத்துக்கும் என்னலே சம்பந்தம்?"னு கேட்காதீங்க. ஒரு சின்ன சம்பந்தம் இருக்கு. கடைசி வரைக்கும் வாங்க, சொல்றேன்.

கடத்தி வரப்பட்ட பொண்ணோட பையன்

செங்கிஸ்கான்ங்கிறது பட்டம். பெத்தவங்க வெச்ச பேரு தெமுஜின். பிறந்தது 1162 வாக்குல, ஓனோன் ஆத்தங்கரையில. கையில ஒரு ரத்தக் கட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே பிறந்தான்னு மங்கோலியர்களோட 'ரகசிய வரலாறு' சொல்லுது. (செங்கிஸ்கான் செத்து கொஞ்ச வருஷத்துல எழுதின புத்தகம். இந்தக் கதையில பாதி அதுலேருந்துதான் வருது.)

அம்மா பேரு ஹோலுன். அவங்க மெர்கித் கூட்டத்துக்காரன் ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகி, புருஷன் ஊருக்குப் போய்க்கிட்டு இருந்த புதுப்பொண்ணு. வழியில மடக்கித் தூக்கிட்டு வந்தவர்தான் தெமுஜினோட அப்பா யெசுகெய். அந்தப் புல்வெளியில அப்போ அது சகஜம். பொண்ணு, குதிரை, ஆடு எல்லாமே பறிச்சுக்கிற சொத்துதான்.

தெமுஜினுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அப்பாவை தாத்தார் கூட்டத்துக்காரங்க விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்க. தலைவன் போனதும் சொந்தக் கூட்டமே இந்தக் குடும்பத்தை அம்போன்னு விட்டுட்டுப் போயிடுச்சு. ஹோலுன் கிழங்கும் காட்டுப் பழமும் பொறுக்கி அத்தனை பிள்ளைகளையும் வளர்த்தாங்க. அந்தப் பட்டினியில, பிடிச்ச மீனைப் பிடுங்கிக்கிட்டான்னு தெமுஜினும் தம்பியும் சேர்ந்து மாற்றாந்தாய்க்குப் பிறந்த அண்ணன் பெக்தெரை அம்பு விட்டுக் கொன்னுட்டாங்க. அம்மா காறித் துப்பாத குறையா ஏசினாங்கன்னு அதே புத்தகம் எழுதி வெச்சிருக்கு. நம்ம ஊர் மெய்க்கீர்த்தி எழுதுற புலவரா இருந்தா இதையெல்லாம் கமுக்கமா விட்டிருப்பார் :-)

அப்புறம் எதிரிக் கூட்டம் பிடிச்சு, கழுத்துல பெரிய மரப்பலகையை மாட்டி வெச்சது. ஒருநாள் ராத்திரி அந்தப் பலகையாலேயே காவல்காரனை அடிச்சுப் போட்டுட்டு ஓடினான். எதிரிக் கூட்டத்துலயே ஒரு ஏழைக் குடும்பம் அவனை ஆட்டு ரோமம் ஏத்தின வண்டிக்குள்ள ஒளிச்சு வெச்சுக் காப்பாத்துச்சு. சொந்தக்காரன் கைவிட்டான், முன்பின் தெரியாதவன் காப்பாத்தினான். இந்தப் பாடத்தை அவன் சாகுற வரைக்கும் மறக்கலை.

ஜோச்சி யார் பிள்ளை?

இப்போ சொல்லப் போறதுதான் என்னைப் பொறுத்த வரைக்கும் இந்தக் கதையோட உயிர்.

தெமுஜினுக்கும் போர்தேக்கும் சின்ன வயசுலயே நிச்சயம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகி கொஞ்ச நாள்லயே மெர்கித் ஆளுங்க பாய்ஞ்சு வந்தாங்க. பதினெட்டு, இருபது வருஷத்துக்கு முன்னாடி ஹோலுனைத் தூக்கிட்டுப் போனதுக்கு பழிக்குப் பழி. இருந்த குதிரைகள்ல எல்லாரும் ஏறித் தப்பிச்சாங்க. போர்தேக்கு மட்டும் குதிரை இல்லை. புதுப்பொண்டாட்டியை விட்டுட்டு மலைக்கு ஓடிப்போன ஆளுதான் பின்னால உலகத்தைப் பிடிச்சவன்.

ஆனா விட்டுடலை. அப்பாவோட பழைய நண்பர் தொக்ருல், தன்னோட ரத்தச் சகோதரன் ஜமுகா ரெண்டு பேர் படையையும் கூட்டிக்கிட்டுப் போய் மெர்கித்களை அடிச்சு போர்தேயை மீட்டான். அதுக்குள்ள மாசக்கணக்கு ஆயிடுச்சு. அங்கே அவங்களை ஒருத்தனுக்குக் கொடுத்திருந்தாங்க. திரும்பி வந்த கொஞ்ச நாள்ல ஒரு பையன் பிறந்தான். பேரு ஜோச்சி. அந்தப் பேருக்கு 'விருந்தாளி'ன்னு அர்த்தம் சொல்றாங்க.

அந்தப் பையன் யாருக்குப் பிறந்தவன்? ஊரே முணுமுணுத்தது. பல வருஷம் கழிச்சு, அடுத்த கான் யாருங்கிற பேச்சு வந்தப்போ, ரெண்டாவது மகன் சகதாய் சபையிலயே எழுந்து ஜோச்சியைப் பார்த்து, "இந்த மெர்கித் வாரிசு கிட்ட நாங்க கைகட்டி நிக்கணுமா?"ங்கிற மாதிரி கேட்டுட்டான். அண்ணன் தம்பி சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்போ செங்கிஸ்கான் சொன்னது ரொம்ப எளிமையானது: ஜோச்சி என் மூத்த மகன், இனிமே அப்படிப் பேசாதே. அவ்வளவுதான். (கடைசியில ரெண்டு பேருக்கும் இல்லாம மூணாவது மகன் ஒகதெய்க்குப் பட்டம் போச்சு.)

யோசிச்சுப் பாருங்க. ரத்த வாரிசுக்காகவே இன்னிக்கு உலகம் பூராவும் பேசப்படுற ஒரு ஆளு, தன் வீட்டுக்குள்ள அந்தக் கேள்வியையே கேட்க விடலை. 'மகன்'னு சொன்னேன், மகன். முடிஞ்சுது.

நல்லவனா கெட்டவனா?

1206ல் எல்லாக் கூட்டமும் கூடி அவனை செங்கிஸ்கான் ஆக்கினாங்க. பதவிக்கு வந்ததும் செஞ்ச முதல் வேலை கூட்டங்களை உடைச்சது. பத்து பேர், நூறு பேர், ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர்னு படையைப் பிரிச்சு, வெவ்வேறு கூட்டத்து ஆளுங்களைக் கலந்து போட்டான். தலைமைப் பதவி பிறப்பைப் பார்த்து இல்லை, வேலையைப் பார்த்து. சண்டையில தன் குதிரையை அம்பு விட்டு வீழ்த்தின எதிரி ஒருத்தன், பிடிபட்ட பிறகு "நான்தான் விட்டேன்"னு ஒத்துக்கிட்டான். கொல்லலை. ஜெபேன்னு பேர் வெச்சு (அம்புன்னு அர்த்தம்) பெரிய தளபதி ஆக்கினான். அதே சமயம், பழைய நண்பனும் பிறகு எதிரியும் ஆன ஜமுகாவை அவனோட ஆளுங்களே பிடிச்சுக் கொண்டு வந்து கொடுத்தப்போ, சொந்தத் தலைவனைக் காட்டிக் கொடுத்தவங்களைத்தான் முதல்ல கொன்னான்.

படிப்பறிவு கிடையாது. ஆனா உய்குர் எழுத்தை வாங்கி மங்கோலிய மொழிக்கு எழுத்து கொடுத்தான். எந்த மதத்துச் சாமியாரா இருந்தாலும் வரி கேட்கலை. வயசான காலத்துல சீனாவுலேருந்து சாங்சுன்ங்கிற தாவோ துறவியை வரவழைச்சு, சாகாம இருக்க மருந்து இருக்கான்னு கேட்டான். 1222ல், இந்துகுஷ் மலைப் பக்கம் சந்திப்பு. அவர் பயப்படாம, "ஆயுளைப் பேணிக் காக்க வழி இருக்கு, சாகாம இருக்க மருந்து இல்லை"ன்னுட்டார். இவனும் கோவிச்சுக்கலை, உண்மையைச் சொன்னதுக்கு மெச்சிக்கிட்டான்.

சரி, ஹீரோவா? இருங்க.

1218ல் ஒட்ரார் ஊர் ஆளுநர், மங்கோலிய வியாபாரக் கூட்டத்துல நானூத்தி ஐம்பது பேர் வரைக்கும் ஒற்றர்கள்னு சொல்லிக் கொன்னுட்டான். நியாயம் கேட்டுப் போன தூதரையும் குவாரஸ்ம் ராஜா கொன்னார். அதுக்கு மங்கோலியர் கொடுத்த பதிலடியில 1220ல் புகாரா, சமர்கண்ட், 1221ல் மெர்வ், நிஷாப்பூர், ஹெராத்னு நகரம் நகரமா அழிஞ்சுது. நிஷாப்பூர்ல மருமகன் அம்பு பட்டுச் செத்ததுக்குப் பழியா ஊரையே துடைச்சாங்க. அப்போதைய பாரசீக ஆசிரியர்கள் எழுதின சாவு எண்ணிக்கை எல்லாம் மிகைன்னு இன்னிக்கு வரலாற்றுக்காரங்க சொல்றாங்க. பத்துல ஒரு பங்குன்னே வெச்சுக்கோங்க, அப்பவும் நடுங்குது. கைவினைக்காரங்களைத் தனியாப் பிரிச்சு மங்கோலியாவுக்கு ஓட்டிட்டுப் போனாங்க. பொண்ணுங்களைப் பங்கு போட்டுக்கிட்டாங்க.

1221 கடைசியில அந்தத் துரத்தல் சிந்து நதிக்கரை வரைக்கும் வந்துச்சு. குவாரஸ்ம் இளவரசன் ஜலாலுத்தீன் குதிரையோட ஆத்துல பாய்ஞ்சு இந்தப் பக்கம் கரையேறினான். செங்கிஸ்கான் அதைப் பார்த்து, பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு தன் பசங்க கிட்ட சொன்னானாம். அதுக்கு மேல இந்தியாவுக்குள்ள அவன் வரலை. 1227ல் தங்குத் நாட்டுப் போர்ல செத்தான். எங்கே புதைச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதே நேரத்தில் நம்ம பக்கம்

செங்கிஸ்கானைக் காட்டுமிராண்டின்னு சொல்லிட்டு நாம மட்டும் ஜம்முனு உக்கார முடியாது. அவன் பெய்ஜிங்கை (அப்போ சோங்டு) 1215ல் பிடிச்சான். அடுத்த வருஷம், 1216ல், மதுரையில முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியர் பட்டத்துக்கு வந்தார். சோழ நாட்டு மேல பாய்ஞ்சு தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தினார். மாளிகை, மண்டபம், மதில் எல்லாத்தையும் இடிச்சு, கழுதை பூட்டி உழுததா அவரோட மெய்க்கீர்த்தியே பெருமையாச் சொல்லுது. யாரோ எதிரி எழுதின பழி இல்லை. சொந்தச் செலவுல கல்லுல வெட்டினது.

அளவு வேற, ஒத்துக்கறேன். ஆனா ஜெயிச்சவன் மனசு ஒண்ணுதான். சோழர் ரசிகர்களும் துள்ள வேண்டாம். இதே கழுதை ஏர் எல்லா ராஜாக்களோட பெருமைப் பட்டியல்லயும் வர்ற ஐட்டம்தான்.

ஒய் குரோமோசோம்: காப்பியடிச்ச பரிட்சைப் பேப்பர்

இப்போ அந்த இருநூத்துல ஒண்ணு எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம்.

இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவங்களுக்கு இது சுலபமா புரியும். பரிட்சையில ஒருத்தன் 'ஃப்ரீக்வன்சி'ங்கிறதைத் தப்பா எழுதுறான். அவனைப் பார்த்து எழுதின பத்து பேரும் அதே தப்பை எழுதுறாங்க. அதுல ஒருத்தன் தன் பங்குக்கு இன்னொரு தப்பு சேர்க்கிறான். அவனைப் பார்த்து எழுதினவங்க கிட்ட ரெண்டு தப்பும் இருக்கும். பேப்பர் திருத்துறவருக்குத் தப்புகளை வெச்சே யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு மரம் மாதிரி வரைஞ்சிடலாம்.

ஒய் குரோமோசோம் அப்பா கிட்டேருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே காப்பி ஆகுது. எப்பவாவது ஒரு எழுத்துப் பிழை. அந்தப் பிழைதான் அடையாளம். 2003ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கிறிஸ் டைலர்-ஸ்மித் குழு ஆசியா முழுக்க ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆண்களைப் பார்த்தாங்க. பசிபிக் கரையிலேருந்து காஸ்பியன் கடல் வரைக்கும் 16 மக்கள் கூட்டத்துல ஏறக்குறைய ஒரே மாதிரி ஒய் குரோமோசோம். அந்தப் பரப்புல இருக்கிற ஆண்கள்ல நூத்துக்கு எட்டு பேர். பிழைகளை எண்ணி, இது சுமார் 1000 வருஷத்துக்கு முன்னாடி மங்கோலியாவுல கிளம்பியிருக்கணும்னு கணக்குப் போட்டாங்க. செங்கிஸ்கான் வழி வந்தவங்கன்னு சொல்லிக்கிற ஹசாராக்கள் கிட்டயும் அது இருந்துச்சு. அப்போ யாரா இருக்கும்? செங்கிஸ்கான், இல்லைன்னா அவனோட நெருங்கின ஆண்வழிச் சொந்தம்னு முடிவு பண்ணாங்க.

நம்புற மாதிரிதான் இருக்கு. 1260 வாக்குல எழுதின பாரசீக அதிகாரி ஜுவைனியே, செங்கிஸ்கான் வம்சத்துல இருபதாயிரம் பேருக்கு மேல வசதியா வாழ்றாங்கன்னு எழுதியிருக்கார். ஒரு ஆளு மட்டும் இல்லை, மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் ராஜ்யம், எல்லாருக்கும் அந்தப்புரம். ஜீன் பரவினது வீரியத்தால இல்லை, அதிகாரத்தால!

ஆனா கதை அங்கே நிக்கலை. செங்கிஸ்கான் உடம்பு கிடைக்காததால ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எலும்பு கூட இல்லை. 2018ல் சீன ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒய் குரோமோசோமை முழுசாப் படிச்சுப் பார்த்து, இதோட வேர் செங்கிஸ்கானுக்குப் பல நூறு வருஷம் முந்தினது, சாதாரண மங்கோலியர்கள் மூலமாவே பரவியிருக்கும்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி, 2016ல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில, கிழக்கு மங்கோலியாவுல தவான் தோல்கோய்ங்கிற இடத்துல கிடைச்ச அரச குடும்பத்துச் சமாதிகள்னு கருதப்படுறதுல வேற ஒரு ஒய் வகையே இருந்துச்சு. வாட்ஸப்புல இதெல்லாம் வராது. 'இருநூத்துல ஒருத்தன்' மட்டும்தான் வரும்.

இதோட ஜோச்சியையும் சேர்த்துக்கோங்க. ரஷ்யாவை ஆண்ட தங்கக் கூட்டத்து கான்களும் கஸாக் கான்களும் ஜோச்சி வழி. ஊர் முணுமுணுத்தது உண்மைன்னா, அவங்க ரத்தத்துல ஓடுறது செங்கிஸ்கான் வேரோட அறுக்க நினைச்ச மெர்கித் வழி! பாபரைப் பாருங்க. அவருக்கு அம்மா வழியிலதான் செங்கிஸ்கான் பாட்டன், அப்பா வழியில தைமூர். 'முகலாயர்'ங்கிற பேரே மங்கோலியர்ங்கிறதுலேருந்து வந்தது. ஆனா ஒய் டெஸ்ட்ல பாபர் ஃபெயில், ஏன்னா அம்மா வழி அதுல பதியவே பதியாது.

கணக்குப் பாடம்

ஒரு சின்னக் கணக்கு. உங்களுக்கு அப்பா அம்மா 2 பேர், தாத்தா பாட்டி 4 பேர், அதுக்கு மேல 8. செங்கிஸ்கான் காலத்துக்குப் போக சுமார் 30 தலைமுறை. 2ஐ முப்பது தடவை பெருக்கினா 107 கோடி வருது. அப்போ உலகத்தோட மொத்த ஜனத்தொகையே 40 கோடி அளவுதான். அதாவது அதே மூதாதை திரும்பத் திரும்ப பல வழியில வர்றாங்க. எல்லாருக்கும் எல்லாரும் எங்கேயோ சொந்தம்.

அந்த 107 கோடி இடத்துல ஒய் குரோமோசோம் காட்டுறது ஒரே ஒரு இடத்தை. அப்பாவோட அப்பாவோட அப்பா. மிச்ச அத்தனை பேரும், எல்லாப் பெண்களும், அதுல காணோம். ஹோலுன் கிடையாது. போர்தே கிடையாது. நிஷாப்பூர்ல பங்கு போடப்பட்ட பேர் தெரியாத பொண்ணு கிடையாது. ஒருத்தனோட வழி பெருகியிருக்குன்னா, அதே இடத்துல பிள்ளை பெத்துக்காமலே செத்துப் போன ஆண்களோட வழி அறுந்திருக்கு. அந்த எட்டு சதவீதத்தை நான் வெற்றிப் பட்டியலாப் பார்க்கலை. பாதி கிழிஞ்ச சாவுப் பட்டியல் மாதிரிதான் தெரியுது.

நமக்கும் இந்த மரத்துல ஒரு கிளை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைப் பக்கம் எடுத்த மாதிரிகள்ல எம்130ங்கிற பழைய அடையாளம் கிடைச்சது. ஆப்பிரிக்காவுலேருந்து கடலோரமா ஆஸ்திரேலியா வரைக்கும் போன ஆதி மனுஷங்களோட தடம்னு அப்போ பெரிய செய்தி. செங்கிஸ்கானோடதுன்னு சொல்லப்படுற அந்த மங்கோலிய வகையும் இதே எம்130 வேர்லேருந்து பிரிஞ்ச கிளைதான்! பிரிஞ்சு பல பத்தாயிரம் வருஷம் ஆச்சு. ஆக "செங்கிஸ்கான் நம்ம தாத்தாவா?"ன்னா, இல்லை. வேணும்னா தூரத்துப் பங்காளின்னு வெச்சுக்கலாம். ஆடு மேய்க்கிறவனும் பங்காளி, கானும் பங்காளி.

மங்கோலியாவுலயே ஒரு வேடிக்கை நடந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில 1925 வாக்குல குலப் பேர்களைத் தடை பண்ணிட்டாங்க. 1990க்கு அப்புறம், எல்லாரும் ஒரு குலப் பேரைப் பதிவு பண்ணுங்கன்னு அரசு சொன்னப்போ, நிறைய ஜனங்க தேர்ந்தெடுத்தது போர்ஜிகின். வேற என்ன, செங்கிஸ்கானோட குலப் பேரு! ஒரே ராத்திரியில நாடு பூராவும் ஆண்ட பரம்பரை. நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் போர்டு பார்த்துப் பழகினவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. எல்லாரும் ஆண்ட பரம்பரைன்னா, வரி கட்டினது யாரு, ஏர் உழுதது யாரு?

கானுக்காகத் தமிழில் ஒரு வேண்டுதல்

இப்போ மேலகரம் சம்பந்தம்.

சீனாவுல சுவான்சௌன்னு ஒரு துறைமுகம். (மார்க்கோ போலோ எழுதின ஜைத்தூன் இதுதான்.) அங்கே 1950கள்ல ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைச்சது. சகம் 1203, சித்திரை மாசம், அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள்னு ஒருத்தர் அங்கே ஒரு சிவன் கோயில்ல சாமியை எழுந்தருளப் பண்ணியிருக்கார். யாரோட நலத்துக்காக? 'செகசை கான்' திருமேனி நலத்துக்காக. அது செச்சென் கான்ங்கிற குப்லாய்கானோட பட்டம்னு அறிஞர்கள் சொல்றாங்க. குப்லாய் யாரு? செங்கிஸ்கானோட பேரன், நாலாவது மகன் தொலுய் வழி. கானோட உத்தரவைச் சொல்ல அந்தக் கல்வெட்டு 'பர்மான்'ங்கிற பாரசீகச் சொல்லைப் போடுது. சீனாவுல, மங்கோலிய ராஜாவுக்காக, பாரசீக வார்த்தை கலந்து, தமிழ்ல, சிவன் கிட்ட வேண்டுதல்! இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா அந்த சாம்ராஜ்யம் யாரையெல்லாம் ஒரு தெருவுல கொண்டு வந்து சேர்த்துச்சுன்னு?

அதே 1281ல், அதே சுவான்சௌலேருந்து, குப்லாயோட தூதர் யாங் திங்பி கொல்லத்துக்குக் கிளம்பினார். மூணு மாசம் கடல்ல. காத்து சரியில்லாம, சாப்பாடும் குறைஞ்சு போய், மாபார்ல, அதாவது பாண்டிய நாட்டுக் கரையில, இறங்கினார். இங்கேருந்து தரைவழியா கொல்லம் போயிடலாம்ங்கிறது திட்டம். பாண்டிய அமைச்சர்கள் "தரைவழி போக முடியாது"ன்னு கையை விரிச்சுட்டாங்க. பிறகு ரகசியமா வந்து காரணம் சொன்னாங்களாம்: மன்னரும் சகோதரர்களுமா அஞ்சு பேர் ஒண்ணு கூடி, கொல்லத்து மேலயே படையெடுக்க ஆலோசனை நடத்திக்கிட்டு இருக்காங்கன்னு. யுவான் வம்ச வரலாறு இதைப் பதிஞ்சு வெச்சிருக்கு. அப்போ இங்கே முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியர் காலம்.

பாண்டிய நாட்டுக் கரையிலேருந்து கொல்லத்துக்குத் தரைவழின்னா மலையைத் தாண்டணும். தெற்கே ஆரல்வாய்மொழி. இல்லைன்னா தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, அதாவது 1904லேருந்து கொல்லம் ரயில் போற கணவாய். வழி மட்டும் திறந்திருந்தா, செங்கிஸ்கான் பேரனோட தூதர் எங்க ஊர் வழியா, குத்தாலச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டுப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஜஸ்ட் மிஸ்! :-) அடுத்த வருஷம் அவர் கடல்வழியாவே கொல்லம் போய்ச் சேர்ந்தார். கொல்லத்து ராஜா நகைகளோட ஒரு கருங்குரங்கையும் குப்லாய்க்கு அனுப்பி வெச்சார். கருங்குரங்குன்னா எங்க மலைக்காரங்களுக்குக் கருமந்திதான் ஞாபகம் வரும்.

குலசேகர பாண்டியர் கதையும் வாரிசுச் சண்டையிலதான் முடிஞ்சுது. பட்டம் யாருக்குங்கிற தகராறுல பெத்த மகனே அவரைக் கொன்னான்னு பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கார். அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே 1311ல் மாலிக் கபூர் வந்துட்டார். அப்புறம் பாண்டியர் மெல்ல மெல்லத் தெற்கே ஒதுங்கி தென்காசிக்கு வந்து சேர்ந்தாங்க.

அங்கே 1446ல் பராக்கிரம பாண்டியர் காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்ட ஆரம்பிச்சார். அவரோட கல்வெட்டுப் பாட்டு ஒண்ணு தென்காசிக்காரங்களுக்கு நல்லாத் தெரியும். இந்தக் கோயில்ல பின்னால ஏதாவது பழுது வந்தா அதைச் சரி பண்ணிக் காப்பாத்தப் போறவங்க எவரோ, அவங்க காலடியில இப்பவே விழுந்து கும்பிடுறேன்னு சொல்றார். கவனிங்க, 'என் வம்சத்தான்'னு சொல்லலை. 'என் ரத்தம்'னு சொல்லலை. எவனோ ஒருத்தன், பேர் தெரியாதவன், இனிமே பிறக்கப் போறவன், அவன் கால்ல ஒரு ராஜா விழுறார். அந்தப் பாண்டிய வம்சம் எப்பவோ அடங்கிப் போச்சு. இடிஞ்சு மொட்டையா நின்ன ராஜகோபுரத்தை 1990ல் ஒன்பது நிலையா மறுபடி எழுப்பினது அவர் சொன்ன அந்த 'எவரோ'தான்.

மங்கோலியாவுல செங்கிஸ்கானுக்கு 40 மீட்டர் உயரத்துல குதிரை மேல உக்கார்ந்த எஃகுச் சிலை வெச்சிருக்காங்க. அவங்க நாடு, அவங்க பெருமை, அதுல நாம சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா அடுத்த தடவை யாராவது 'இருநூத்துல ஒருத்தன்' ஃபார்வர்டு அனுப்பினா, ஜோச்சி கதையைப் பதிலா அனுப்புங்க. யார் ரத்தம்னு கேட்காம 'என் மகன்'னு சொன்னானே, அந்தச் செங்கிஸ்கானுக்கு வாரிசா இருக்க ஒய் குரோமோசோம் தேவையில்லை. பொண்ணுங்களும் இருக்கலாம்.